படியாத ஏட்டுக்கு ஒரு தீர்ப்பு

மதிப்புரை எழுதுவோர் நூலைப் படிப்பதில்லை என்னும் பழிச்சொல் தமிழில் நெடுநாளாக வழங்கி வருகிறது. அட்டையைப் பார்ப்பர், முன்னுரையைப் புரட்டுவர், பொருளடக்கத்திலிருந்து நான்கு தலைப்புகளை எடுத்துக் கோப்பர், அச்சும் அமைப்பும் அழகு என்று முடித்துக்கொள்வர். நாமும் இப்பழிக்கு முற்றும் புறம்பானவர் என்று மார்தட்ட மாட்டோம். ஆயினும், படியாமல் எழுதிய மதிப்புரையால் ஒரு நூலாசிரியரின் மனம் நோகும். மிஞ்சிப்போனால் சில படிகள் விற்காமல் கிடக்கும். படியாமல் எழுதிய தீர்ப்பு அத்தகையதன்று. அது எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும், எழுதியவர்கள் கனவிலும் கண்டிராத மனிதர்களின் வாசலில் போய் நிற்கிறது.

அத்தகைய தீர்ப்பு ஒன்றை இங்கே ஓர் உரைநடை நூலைப் போலவே எடுத்துவைத்துப் பார்க்க விரும்புகிறோம். சட்டம் நம் துறை அன்று. ஆனால் தீர்ப்பு என்பதும் ஓர் எழுத்தே. அதற்கு ஆசிரியர் உண்டு, நடை உண்டு, சொன்னது உண்டு, சொல்லாமல் விட்டதும் உண்டு. எழுத்தை எடைபோடும் உரிமையை நாம் சட்டம் பயின்றோரிடம் முழுமையாக ஒப்படைத்துவிட வேண்டியதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்சநீதிமன்றம் 1953 மார்ச் 9-ஆம் நாள் வழங்கிய அத்தீர்ப்பு, ரெனால்ட்ஸ் வழக்கு என்று பெயர் பெற்றது. அதன் கதை 1948-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு அக்டோபர் 6-ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில், விமானப் படைக்குரிய பி-29 ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று, மின்னணுக் கருவிகள் சிலவற்றைச் சோதிப்பதற்காகப் பறந்தது. வானில் ஓர் இயந்திரம் தீப்பற்றியது. வேகிராஸ் என்னும் ஊரருகே விமானம் வீழ்ந்தது. அதில் இருந்தோர் பதின்மூவர், ஒன்பதின்மர் மாண்டனர், நால்வர் பாராசூட்டின் துணையால் உயிர் தப்பினர்.

மாண்டவர்களுள் மூவர் படைவீரர் அல்லர். ஆல்பர்ட் பாலியா, ராபர்ட் ரெனால்ட்ஸ் ஆகிய இருவரும் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பொறியாளர்கள். வில்லியம் பிரவுனர், பிலடெல்பியாவிலிருந்த ஃபிராங்க்ளின் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர். அரசு வேலையாகப் பறந்த குடிமக்கள். இம்மூவரின் மனைவியரும் 1949-இல் பிலடெல்பியாவிலுள்ள மாவட்ட நீதிமன்றத்தில் அரசின்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தனர். குடிமகன் அரசின் கவனக்குறைவுக்காக அரசையே வழக்குக்கு இழுக்கலாம் என்று அங்கே பொதுவாக அனுமதித்த சட்டம் 1946-இல்தான் வந்திருந்தது. அது வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டும்.

கைம்பெண்களின் வழக்கறிஞர் கேட்டது அதிகமன்று. விபத்தைப்பற்றி விமானப் படையே ஆய்ந்து எழுதிய விசாரணை அறிக்கையையும், தப்பிப் பிழைத்தோர் அளித்த வாக்குமூலங்களையும் காட்டுங்கள் என்றார். அரசு மறுத்தது. அவ்வறிக்கையை வெளியிட்டால் நாட்டின் பாதுகாப்புக்கும் உயர்தொழில்நுட்பப் படைக்கருவிகளின் வளர்ச்சிக்கும் ஊறு விளையும் என்று விமானப் படையின் தலைமைச் சட்ட அதிகாரி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். விமானப் படைச் செயலரும் அவ்வாறே முறைப்படி உரிமை கோரினார்.

மாவட்ட நீதிபதி வில்லியம் கிர்க்பாட்ரிக் இதற்கு நல்லதொரு வழி சொன்னார். எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டா, எனக்கு மட்டும் காட்டுங்கள், நான் தனியறையில் படித்துப் பார்க்கிறேன், இரகசியம் எதுவெனப் பிரித்தறிந்து அதை மறைத்துவிடுகிறேன் என்றார். அரசு அதற்கும் இணங்கவில்லை. அப்படியாயின், கவனக்குறைவு நிகழ்ந்தது என்னும் உண்மை வாதிகளுக்குச் சார்பாக நிலைநாட்டப்பட்டதாகக் கொள்வேன் என்று கூறி, மூவருக்குமாக 2,25,000 டாலர் இழப்பீடு விதித்தார்.

இந்த ஏற்பாட்டில் இருந்த நேர்மையைச் சற்று நின்று காண வேண்டும். அரசிடமிருந்து இரகசியத்தை அவர் பறிக்கவில்லை. உனக்கு அது வேண்டுமாயின் வைத்துக்கொள். ஆனால் அதற்குரிய விலையை நீயே கொடு. கணவனை இழந்தவள் தலையில் அதைக் கட்டாதே என்பதே அவர் ஆணையின் சாரம். ஊர் முழுவதையும் காப்பதற்காக ஒன்றை மறைக்க வேண்டியிருந்தால், அம்மறைப்பின் செலவையும் ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்வதுதானே முறை? மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி ஆல்பர்ட் மாரிஸ் 1951-இல் இதையே உறுதி செய்தார். அவர் மேலும் ஓர் எச்சரிக்கை விடுத்தார். எதை மறைக்கலாம் என்பதை ஆட்சியாளரே தனித்து முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டால், அதிகாரிகளுக்குத் தலைகுனிவு தரும் ஏடுகளையும் அதே போர்வையால் மூடுவதற்கு ஓர் அடிதான் பாக்கி என்றார். பின்னால் நிகழப்போவதை அவர் அறிந்து எழுதினார் அல்லர். மனித இயல்பை அறிந்து எழுதினார்.

இனி, உச்சநீதிமன்றத் தீர்ப்பு. தலைமை நீதிபதி ஃபிரெட் வின்சன் எழுதியது. பன்னிரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். நடை தெளிவானது, ஆரவாரம் இல்லை, ஒவ்வொரு வாசகமும் தன் இடத்தில் அடக்கமாக அமர்ந்திருக்கிறது. முதல் முறை படிப்பவர், நடுநிலையான எழுத்து என்றே சொல்வர். நாமும் அப்படியே எண்ணினோம். இரண்டாம் முறை படித்தபோதுதான் அதன் நடுவில் ஒரு பிளவு ஓடுவது புலப்பட்டது.

முற்பகுதியில் நீதிபதி சொல்வது: அரசு இரகசியக் காப்புரிமையை எளிதாகக் கோரிவிடக் கூடாது, துறையின் தலைவரே நேரில் ஆராய்ந்து கோர வேண்டும், சான்றின் மீதான நீதிமன்றத்தின் ஆளுகையை அதிகாரிகளின் விருப்பு வெறுப்புக்கு விட்டுக்கொடுத்துவிட முடியாது. அருமையான சொற்கள். அடுத்துவரும் பகுதியில் அவரே சொல்வது: சூழ்நிலைகளைக் கொண்டே ஆபத்து இருக்கக்கூடும் என்று நீதிபதிக்குத் தோன்றினால், தனியறையில் தாம் மட்டும் பார்ப்பதாகக் கூட அந்த ஏட்டைக் கேட்கலாகாது. அவ்விமானம் இரகசிய மின்னணுக் கருவிகளைச் சோதிக்கப் பறந்தது. ஆகவே அறிக்கையில் அக்கருவிகளைப்பற்றிய குறிப்பு இருக்கக்கூடும். ஆகவே பார்க்க வேண்டியதில்லை.

"இருக்கக்கூடும்" என்னும் இந்த ஒரு சொல்லின் மீது அத்தீர்ப்பு முழுவதும் நிற்கிறது. இருக்கிறதா இல்லையா என்று அறிவதற்கு வழி கையெட்டும் தொலைவில் இருந்தது. அது மறுக்கப்பட்டுவிட்ட பின், ஆளுகையை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்ற முன்சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சுகிறது? திறவுகோலை எதிர்வாதியிடம் கொடுத்துவிட்டு, வீடு நம் பொறுப்பில்தான் இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது இது.

தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. அது நம்மை மிகவும் உறுத்தியது. தப்பிப் பிழைத்தவர்களை நேரில் கொண்டுவந்து சாட்சி சொல்ல வைக்கிறோம் என்று அரசு முன்வந்ததாம். அவ்வழியை வாதிகள் ஏற்காமல் விட்டார்களாம். ஆதலால் அறிக்கை அவர்களுக்கு இன்றியமையாதது என்று சொல்ல முடியாதாம். தீப்பற்றிய விமானத்திலிருந்து குதித்தவனுக்கு, அவ்விமானத்தில் பொருத்தப்பட வேண்டிய உறுப்பு ஒன்று பொருத்தப்படாமல் இருந்தது எப்படித் தெரியும்? அதை அறிந்தவர்கள் பழுதுபார்ப்பேட்டைப் புரட்டிய விசாரணையாளர்களே.

மூன்று நீதிபதிகள் மாறுபட்டனர். பிளாக், ஃபிராங்க்ஃபர்ட்டர், ஜாக்சன். ஆனால் அவர்கள் எழுதியது ஒரே வாக்கியம். கீழ்நீதிமன்றத்தில் மாரிஸ் சொன்ன காரணங்களே பெரும்பாலும் எங்கள் காரணங்கள் என்றனர், அவ்வளவே. இதை நாம் ஒரு குறையாகவே கருதுகிறோம். ராபர்ட் ஜாக்சனின் ஆங்கில உரைநடைக்கு இணையாக அந்த மன்றத்தில் எழுதியவர் மிகச் சிலர். அவர் நான்கு பக்கம் எழுதியிருந்தால், பின்வந்த நீதிபதிகளின் மேசையில் மாற்றுக் குரலாவது ஒன்று கிடந்திருக்கும். ஒப்புக்கொள்ளாதவர் சுருக்கமாகப் பேசுவது பல நேரங்களில் ஒப்புக்கொண்டதற்குச் சமமாகிவிடுகிறது.

காலத்தின் அழுத்தத்தையும் நாம் மறந்துவிடவில்லை. கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. தீர்ப்புக்கு நான்கு நாள் முன்னர்தான் ஸ்டாலின் மறைந்தார். அணுகுண்டு இரகசியத்தை விற்ற குற்றச்சாட்டில் ரோசன்பெர்க் தம்பதியர் தூக்கிலன்று, மின்நாற்காலியில் உயிர் துறக்கக் காத்திருந்த மாதங்கள் அவை. அச்சம் நீதிபதிகளின் அங்கியைத் தொடாது என்று எண்ணுவது பேதைமை.

தீர்ப்புக்குத் துணையாக நின்ற ஆங்கில முன்தீர்ப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1939 ஜூன் 1-இல் லிவர்பூல் விரிகுடாவில் தீட்டிஸ் என்னும் புதிய நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்தில் மூழ்கி 99 பேர் மாண்டனர். அங்கும் கைம்பெண்களே வழக்குத் தொடுத்தனர்; அங்கும் ஏடுகள் கேட்கப்பட்டன; அங்கும் கடற்படை அமைச்சர் மறுத்தார். 1942-இல் பிரபுக்கள் சபை, அமைச்சர் சொன்னால் அதுவே முடிவு என்றது. உலகப் போரின் நடுவில் நீர்மூழ்கியின் அமைப்பு வரைபடங்களை வெளியிடாமல் வைத்ததைக் குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் நீர்மூழ்கிக்காகச் செய்த விதி, போர் முடிந்த பின்னும் எல்லா அலுவலகக் காகிதங்களுக்கும் குடையாக விரிந்தது. 1968-இல்தான் அதே பிரபுக்கள் சபை அக்குடையை மடக்கியது. அந்த வழக்கு என்னவென்று நினைக்கிறீர்கள்? கைவிளக்கு ஒன்றைத் திருடியதாகப் பயிற்சிக் காவலர் ஒருவர்மீது மேலதிகாரி பொய்யாகக் குற்றம் சுமத்தினார் என்பது. அந்த இளைஞரைப்பற்றி மேலதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புகளையும் "அரசு நலன்" என்று மறைத்தார்கள். நீதிபதிகள் அவற்றை வாங்கிப் படித்தார்கள். வெளியிடுவதால் எந்தக் கேடும் இல்லை என்று கண்டு கொடுக்கச் சொன்னார்கள். இங்கிலாந்தில் தாய்மரம் வெட்டப்பட்டுவிட்டது. அதிலிருந்து அமெரிக்காவில் நட்ட கிளையோ காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

நிற்க. அந்தக் கைம்பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வழக்கு மீண்டும் கீழே அனுப்பப்பட்டது. அறிக்கை இல்லாமல் போராடிப் பயனில்லை என்று கண்டு, 1953-லேயே மூவருமாக 1,70,000 டாலருக்கு இணங்கி முடித்துக்கொண்டனர். குழந்தைகளை வளர்க்க வேண்டியிருந்தது.

பாலியா இறந்தபோது அவருடைய மகள் ஏழு வாரக் கைக்குழந்தை. 2000-ஆம் ஆண்டில் அம்மகள், தந்தை ஏறிய விமானத்தைப்பற்றி ஏதேனும் கிடைக்குமா என்று கணினி வலையில் தேடினார். பழைய விமான விபத்து அறிக்கைகளைப் படியெடுத்து விற்கும் ஒருவர் இருப்பது தெரிந்தது. அறிக்கைகளின் இரகசியக் காப்பு சில ஆண்டுகளுக்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது. பணம் அனுப்பினார், தபாலில் வந்தது. நாட்டின் உச்சநீதிமன்றமே தொட அஞ்சிய ஏடு, விலைக்கு வாங்கிய காகிதக் கட்டாக ஒரு வீட்டு மேசையில் வந்து விழுந்தது.

அதில் அவர் முதலில் தேடியது தந்தை ஆராய்ந்த இரகசியக் கருவியைத்தான். கருவியின் அமைப்பைப்பற்றி அதில் ஒன்றும் இல்லை. வேறு செய்திகள் இருந்தன. அந்த ரக விமானங்களில் இயந்திரம் சூடேறித் தீப்பற்றாமல் இருக்க, புகைபோக்கிக் குழாயருகே வெப்பத் தடுப்புத் தகடுகள் பொருத்த வேண்டும் என்று விமானப் படையே ஆணை பிறப்பித்திருந்தது. இவ்விமானத்தில் அவ்வாணை நிறைவேற்றப்படவில்லை. ஆதலால் அது பறப்பதற்குப் பாதுகாப்பான விமானமாகக் கருதத்தக்கதன்று என்று அறிக்கையே சொல்லியது. உடன் பறந்த குடிமக்களுக்கு ஆபத்துக் காலத்தில் செய்ய வேண்டியவற்றை முறைப்படி சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

கிர்க்பாட்ரிக் எதை ஊகித்துத் தீர்ப்பளித்தாரோ, அதுவே அறிக்கையில் எழுதியிருந்தது. மாரிஸ் எதற்கு அஞ்சினாரோ, அதுவே நடந்திருந்தது.

குடும்பத்தார் மறுபடியும் நீதிமன்றம் ஏறினர். 1953-இல் இந்த மன்றத்தையே ஏமாற்றிவிட்டார்கள், அத்தீர்ப்பைத் திருத்துங்கள் என்று நேராக உச்சநீதிமன்றத்திடம் மனுச் செய்தனர். 2003 ஜூனில் அம்மனு காரணம் ஏதும் கூறாமல் தள்ளப்பட்டது. கீழிருந்து தொடங்கினர். மாவட்ட நீதிமன்றம் 2004-இல் மறுத்தது. மாரிஸ் ஒருகாலத்தில் அமர்ந்திருந்த அதே மேல்முறையீட்டு மன்றம் 2005-இல் மறுத்தது. 2006-இல் உச்சநீதிமன்றம் மறுபடி கதவை அடைத்தது.

2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நாம் முழுமையாகத் தள்ளிவிட மாட்டோம். அதில் ஒரு நியாயம் உண்டு. முடிந்துபோன வழக்கை ஐம்பது ஆண்டு கழித்துக் கிளறுவதானால், நீதிமன்றத்தை வேண்டுமென்றே வஞ்சித்தார்கள் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிய வேண்டும் என்றனர்; அது தவறன்று. ஆனால் அடுத்து அவர்கள் செய்த உரைவிளக்கம்தான் விந்தை. அதிகாரியின் பிரமாணப் பத்திரத்தை, இரகசியக் கருவியைப்பற்றி மட்டும் சொன்னதாகக் கொள்ளாமல், பி-29 விமானத்தின் செயல்திறன் பற்றியும் சொன்னதாகப் படிக்க இடமுண்டாம். அப்படிப் படித்தால் அது பொய்யாகாதாம். எழுத்தாளன் எழுதாததை உரையாசிரியன் அவனுக்காக எழுதிக்கொடுப்பது நம் பழைய உரைமரபிலும் உண்டு. எனினும், எந்தப் பி-29? தம் மண்ணில் இறங்கிய பி-29 விமானங்களைப் பிரித்துப் பார்த்து, அச்சொட்டாக அதே போன்ற துப்போலெவ்-4 விமானத்தைச் செய்து 1947-லேயே மாஸ்கோ வான்காட்சியில் பறக்கவிட்டார்கள் சோவியத் நாட்டார். எதிரியிடம் நகலே இருக்கையில், அவ்விமானத்தின் திறன் யாரிடமிருந்து மறைக்கப்பட்டது? பிலடெல்பியாவின் மூன்று பெண்களிடமிருந்து.

அரசுக்கு இரகசியமே கூடாது என்று நாம் வாதாட வரவில்லை. ஒரு குடும்பத்திற்கே சில இரகசியங்கள் வேண்டியிருக்கும்போது நாட்டுக்கு வேண்டாவா? ஆனால் அரசின் கையிலுள்ள ஏடு மக்களுடைய அமானிதம். அமானிதத்தைக் காப்பவர், அதைப் பார்க்கும் தகுதி பெற்ற ஒருவரேனும் கேட்கும்போது பெட்டியைத் திறந்து காட்டியாக வேண்டும். நாம் கேட்பது அந்த ஒருவரைத்தான், ஊராரை அன்று.

இத்தீர்ப்பின் பிற்கால வாழ்வுக்கு வருவோம். லெபனானிய வழிவந்த ஜெர்மானியர் கலீத் அல்-மஸ்ரி, ஆள்மாறாட்டத்தால் 2003-இன் கடைசி நாளில் மாசிடோனியாவில் பிடிக்கப்பட்டு, சி.ஐ.ஏ.-விடம் ஒப்படைக்கப்பட்டு, ஆப்கானிஸ்தானில் அடைத்து வதைக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கை அமெரிக்க நீதிமன்றங்கள் விசாரிக்காமலேயே அரசு இரகசியம் என்று 2007-க்குள் முடித்துவிட்டன. அவர் சொன்னவை உண்மை என்று 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கண்டது. கடல் கடந்த ஒரு மன்றம் அறிந்துகொண்டதை, சொந்த நாட்டு மன்றம் அறிய மறுத்தது.

நம்மை அதிகமாகச் சிந்திக்க வைத்தது கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி வழக்கு. 2006, 2007 ஆண்டுகளில் எஃப்.பி.ஐ. அமர்த்திய உளவர் ஒருவர், இஸ்லாத்தைத் தழுவியவர்போல் நடித்துப் பள்ளிவாசல்களில் புகுந்தார். சாவிக்கொத்தில் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துவைத்து, தொழுகைக்கு வந்தோர் பேச்சையெல்லாம் பதிந்தார் என்பது வாதிகளின் முறையீடு. சில மாதங்களில் அவர் குண்டுவெடிப்பைப்பற்றிப் பேசத் தொடங்கினார். ஜமாஅத்தார் அஞ்சிப்போய், இவர் ஆபத்தானவர் என்று எஃப்.பி.ஐ.-யிடமே புகார் கொடுத்தனர். அவர் பள்ளிவாசலை அணுகாதிருக்க நீதிமன்றத் தடையாணையும் பெற்றனர். கதையாக எழுதினால் நம்ப மாட்டார்கள். இமாம் யாசிர் ஃபஸாகாவும் வேறு இருவரும் 2011-இல் வழக்குத் தொடுத்தனர். உளவரே பின்னர் வாதிகளுக்குச் சார்பாகச் சத்தியப் பிரமாணம் செய்தார். ஆனாலும், சமயத்தைக் காரணமாகக் கொண்டு வேவு பார்த்தார்களா என்னும் வினாவை ஆராய்ந்தால் இரகசியம் வெளிப்படும் என்றது அரசு.

2012-இல் மாவட்ட நீதிபதி, அரசு தனியாகக் காட்டிய இரகசியக் குறிப்புகளைப் படித்துவிட்டு, வழக்கின் பெரும்பகுதியைத் தள்ளினார். இவர் படித்தார், அதைச் சொல்வது நம் கடன். ஆனால் ஒரு தரப்பின் காகிதத்தை மட்டும் படித்தார். தம் முடிவை விளக்க அவர் ஹோமரிடம் போனார் என்பதே நம் இலக்கிய ஆர்வத்தைத் தூண்டியது. ஒருபுறம் ஆறு தலை அரக்கி. மறுபுறம் கப்பலையே விழுங்கும் நீர்ச்சுழல். ஒடிஸியஸ் கப்பல் முழுவதையும் இழப்பதைவிடச் சில மாலுமிகளை இழப்பது மேல் என்று அரக்கியின் பக்கம் கப்பலைச் செலுத்தினான். தம் நிலையும் அதுவே என்றார் நீதிபதி.

உவமையைக் கையாள்பவர் காவியத்தை இறுதிவரை படித்திருக்க வேண்டும். ஒடிஸியஸ் தன் மாலுமிகளிடம் அரக்கி இருப்பதைச் சொல்லவே இல்லை. சொன்னால் துடுப்பை விட்டுவிட்டு ஒளிந்துகொள்வார்கள் என்று மறைத்தான். அறுவர் அலறிக்கொண்டே தூக்கிச் செல்லப்பட்டனர். அப்படியாவது கப்பல் பிழைத்ததா? சில வாரங்களிலேயே இடி விழுந்து கப்பலும் போயிற்று, எஞ்சிய மாலுமிகள் அனைவரும் போயினர். தலைவன் ஒருவனே கரை சேர்ந்தான். உவமை நீதிபதி நினைத்ததைக் காட்டிலும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மேலும், அரக்கிக்குக் கொடுக்கப்பட்டவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டாவா? மாலுமிகளைத் தேர்ந்தெடுத்தது அரக்கி. இங்கே தேர்ந்தெடுத்தது சாவிக்கொத்து.

இவ்வழக்கு மேலே சென்றது. 1978-ஆம் ஆண்டு வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தின்படி நீதிபதி தனியறையில் பதிவுகளைப் பார்த்து வழக்கைத் தொடரலாம் என்று மேல்முறையீட்டு மன்றம் 2019-இல் வழி கண்டது. 2022 மார்ச் 4-இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அதை மறுத்தது; அச்சட்டம் இரகசியக் காப்புரிமையை அகற்றிவிடவில்லை என்று மட்டும் சொல்லி, ஏனைய வினாக்களைக் கீழே அனுப்பியது. அதற்கு முந்தின நாள்தான் அபூ சுபைதா வழக்கின் தீர்ப்பு வந்திருந்தது. போலந்தில் சி.ஐ.ஏ. நடத்திய இரகசியச் சிறையைப்பற்றி ஐரோப்பிய மன்றம் 2014-லேயே எழுதிவிட்டது, உலகம் அறியும். ஆயினும் அமெரிக்க அரசின் வாயால் அதைச் சொல்லவைக்கக் கூடாது என்றனர் பெரும்பான்மையினர்.

அவ்வழக்கில் நீதிபதி நீல் கோர்சச், சோனியா சோட்டோமேயர் உடன்பட, ஒரு மறுப்புத் தீர்ப்பு எழுதினார். 1953-இல் மூவர் எழுதாமல் விட்ட பக்கங்களை நாம் இங்கே காண்கிறோம். ரெனால்ட்ஸ் வழக்கின் அறிக்கை பின்னாளில் வெளிவந்தபோது அதில் இரகசியம் ஏதும் இல்லை, அரசின் கவனக்குறைவே இருந்தது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். வெட்கத்துக்குரிய செய்தி வேறு, இரகசியம் வேறு என்னும் வேறுபாட்டை மறுப்புத் தீர்ப்பின் ஓரத்திலாவது அம்மன்றம் ஒருமுறை எழுதிக்கொண்டது. சட்டம் மாறவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் அந்த ஆங்கில மரத்தின் கிளைதான். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு வெளியிடப்படாத அரசு ஏடுகளுக்குக் காப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் அக்காப்பு தொடர்கிறது. ஆனால் 1975-இல் ராஜ் நாராயண் வழக்கில், ஐயம் எழுந்தால் நீதிமன்றம் ஏட்டைப் பார்த்தறியலாம் என்று நம் உச்சநீதிமன்றம் சொன்னது. கேரளத்தின் மீடியாஒன் தொலைக்காட்சிக்கு 2022-இல் உரிமம் புதுப்பிக்க மறுத்தபோது, காரணம் முத்திரையிட்ட உறையில் உயர்நீதிமன்றத்தின் கைக்குப் போயிற்று; தொலைக்காட்சியாருக்குக் காட்டப்படவில்லை. உயர்நீதிமன்றம் மறுப்பை ஏற்றது. 2023 ஏப்ரல் 5-இல் உச்சநீதிமன்றம் அதே உறையில் இருந்தவற்றை எடைபோட்டு, மறுப்பை நீக்கியது. உறைக்குள் இருந்தவற்றுள் பல எவரும் படிக்கக்கூடிய பொதுச் செய்திகள்.

பாரி ஸீகல் என்னும் பத்திரிகையாளர் ரெனால்ட்ஸ் வழக்கின் கதையை 2008-இல் "கிளெய்ம் ஆஃப் பிரிவிலெஜ்" என்னும் பெயரில் நூலாக எழுதியிருக்கிறார். சட்டப் பேராசிரியர்களின் ஆய்வைவிட இந்நூலை நாம் விரும்பக் காரணம், அவர் வழக்கெண்ணுக்குப் பின்னால் இருந்த குடும்பங்களை விட்டு அகலவில்லை என்பதே. சில இடங்களில் விவரம் மிகுதி; விமானப் படையின் நிர்வாக வரலாற்றைப் பாதியாகக் குறைத்திருக்கலாம் என்பது நம் கருத்து. லூயி ஃபிஷர் 2006-இல் எழுதிய நூல் வாதத்தில் கூர்மையானது. ஆனால் சட்டம் அறியாதவருக்குச் சற்றுக் கடினம்.

ஸீகலின் நூலைத் தமிழாக்க எவரேனும் முன்வந்தால், அவர்களிடம் நாம் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. வின்சனின் பன்னிரண்டு பக்கங்களையும், விபத்து அறிக்கையின் முடிவுரைப் பகுதியையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். தீர்ப்பை எழுதியவர்களுக்குக் கிடைக்காமற்போன வரிசையில் நேயர்கள் இரண்டையும் படிக்கட்டும்.